என் படம் கிடந்த ஃபோல்டர்

எங்கள் அலுவலகம் கிள்ளானில், துறைமுகத்துக்குப் போகும் சாலையில், ஒரு டயர் கடைக்கு மேலே முதல் மாடியில் இருந்தது. கப்பலில் சரக்கு அனுப்புகிறவர்களுக்கு ஆவணங்கள் தயார் செய்து கொடுக்கும் சின்ன நிறுவனம். நான் ஆவணப் பிரிவு. பக்கத்து மேசையில் விற்பனைப் பிரிவைச் சேர்ந்த ஒருவர் இருந்தார். என்னைவிட மூன்று வயது பெரியவர், கல்யாணம் ஆகாதவர். எல்லாரையும் போல நானும் அவரை அண்ணே என்றுதான் கூப்பிடுவேன். அவர் என்னைத் தங்கச்சி என்பார். எங்கள் பக்கத்தில் இதற்கெல்லாம் உறவு என்று அர்த்தம் கிடையாது. ரொட்டி சானாய் தட்டுகிறவரும் அண்ணே, காரைக் கழுவிக் கொடுக்கிறவரும் அண்ணே. ஆனால் ஏழு வருஷம் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து கூப்பிட்டுக்கொண்டிருந்தால் அந்த வார்த்தைக்குக் கொஞ்சம் எடை வந்துவிடுகிறது.

ஒரு வெள்ளிக்கிழமை பகலில் அவர் கணினிக்கு முன்னால் தலையில் கைவைத்து உட்கார்ந்திருந்தார். மரச்சாமான் ஏற்றுமதி செய்யும் வாடிக்கையாளர் ஒருவர் மின்னஞ்சலில் அனுப்பியிருந்த கட்டண அட்டவணையைத் திறந்து, காலையிலிருந்து அதில் எண்களைத் திருத்திக்கொண்டே இருந்திருக்கிறார். முடித்துவிட்டு சேவ் பண்ணி மூடினார். மறுபடி மின்னஞ்சலுக்குள் போய்த் திறந்து பார்த்தால் பழைய அட்டவணை பழையபடியே இருந்தது. ஒரு காலை முழுக்கச் செய்த வேலை எங்கே போனதென்று தெரியவில்லை. சாப்பாட்டு நேரம் முடிந்ததும் முதலாளி அதைக் கேட்பார்.

எனக்கும் முன்பு ஒரு முறை இப்படி ஆகியிருக்கிறது. மின்னஞ்சலோடு வரும் ஃபைலைத் தனியாக இறக்கி வைத்துக்கொள்ளாமல் அங்கேயே திறந்தால், கணினி அதற்கு ஒரு நகல் எடுத்து, நம் கண்ணில் படாத ஒரு தற்காலிக ஃபோல்டரில் வைத்துத்தான் காட்டும். நாம் திருத்துவதும் சேவ் பண்ணுவதும் அந்த நகலில்தான். பிறகு தேடினால் அது எங்கேயும் அகப்படாது. ஏனென்றால் அந்த ஃபோல்டரே மறைத்து வைக்கப்பட்டது. கணினி பழுது பார்க்க வந்தவர் ஒருவர் அதற்குள் போகும் வழியை எனக்குக் காட்டிக் கொடுத்திருந்தார். அலுவலகத்தில் வேறு யாருக்கும் அது தெரியாது என்பதில் எனக்குக் கொஞ்சம் பெருமை உண்டு.

"அண்ணே, கொஞ்சம் எந்திரிங்க. நான் பாக்குறேன்," என்றேன்.

அவர் எழுந்து நாற்காலியைக் கொடுத்தார். முதலாளியிடம் இன்னும் கொஞ்ச நேரம் கேட்டுவிட்டு, அப்படியே கீழே போய் எனக்குப் பால் கலக்காத தே ஓ ஐஸ் வாங்கி வருவதாகச் சொன்னார். பக்கத்தில் நின்று பார்க்க அவருக்கு மனம் தாங்கவில்லை என்று நினைத்தேன். இப்போது யோசித்தால், அந்த ஃபோல்டருக்குள் என்ன இருக்கும் என்று அவருக்குத் தெரிந்திருந்தால் என்னை உட்காரவே விட்டிருக்க மாட்டார்.

அதற்குள் போகும் வழியைத் தட்டச்சு செய்தேன். ஃபோல்டர் திறந்தது. உள்ளே இருந்ததெல்லாம் சின்னச் சின்னப் படங்களாகத் திரை நிறைய வந்து நின்றன. வாடிக்கையாளர்களின் படிவங்கள், ஈரத்தில் நனைந்து கிழிந்த அட்டைப் பெட்டிகள், கன்டெய்னர் கதவில் முத்திரை ஒட்டியிருக்கும் படங்கள். திரையில் கீழே இறங்கிக்கொண்டே வந்தேன். என் முகம் இருந்தது.

முதலில் எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. அலுவலக அட்டைக்கு எடுத்த படமாக இருக்கும் என்று நினைத்தேன். ஆனால் படத்தில் நான் மயில் நிறப் பட்டுச் சேலை கட்டியிருந்தேன், தலையில் பூ இருந்தது. ஷா ஆலாமில் நடந்த மாமன் மகள் கல்யாணத்தில் எடுத்தது. என் தோளில் ஒரு கை, முழங்கைவரை வளையல். கைக்குச் சொந்தக்காரியான என் அத்தையை வெட்டிவிட்டு, கையை மட்டும் வெட்ட முடியாமல் விட்டிருந்தார்கள். அதே படம் பக்கத்தில் இன்னொன்று. அதற்குப் பக்கத்திலும். ஒரே இணைப்பை மறுபடி மறுபடி திறந்தால் கணினி பெயருக்குப் பின்னால் அடைப்புக்குறியில் எண் போட்டு இன்னொரு நகல் வைக்கும். என் படத்துக்கு நான்கு நகல்கள் இருந்தன. அவற்றோடு ஒரு பக்க பயோடேட்டா ஒன்றும் இருந்தது. அதையும் திறந்தேன். திறக்காமல் விட்டிருக்கலாம்.

என் பெயர் சரியாக இருந்தது. பிறந்த நட்சத்திரமும் ராசியும் சரி. வயது முப்பத்திமூன்று என்று இருந்தது. எனக்கு முப்பத்தேழு. நிறம் சிவப்பு என்று இருந்தது. நான் சிவப்பு இல்லை, அதைப் பார்க்க யாருக்கும் பயோடேட்டா தேவையில்லை. படிப்பு பட்டதாரி என்று இருந்தது. நான் டிப்ளோமாவோடு நின்றவள். பரதநாட்டியம் பயின்றவர் என்று ஒரு வரி. ஏழு வயதில் கோயில் மண்டபத்தில் நடந்த வகுப்புக்கு ஒரு பள்ளி விடுமுறை முழுக்கப் போனேன், விடுமுறையோடு அதுவும் முடிந்தது. கடைசியில், சமையலில் கைதேர்ந்தவர். தினமும் மதியம் கீழே இருக்கும் சாப்பாட்டுக் கடையில் மீ கோரேங்கோ நாசி லெமாக்கோ தாப்பாவ் பண்ணி, பொட்டலமாகக் கொண்டு வந்து, அவருக்கு எதிரிலேயே உட்கார்ந்து சாப்பிடுகிறவள் நான்.

எல்லாவற்றையும் விட வயதுதான் என்னைக் கொன்றது. சில மாதங்களுக்கு முன்புதான் அலுவலகத்தில் என் பிறந்தநாளுக்கு கேக் வெட்டினார்கள். மூன்று, ஏழு என்று எண் வடிவ மெழுகுவத்திகள் இரண்டு. கேக்கையும் மெழுகுவத்தியையும் கடைக்குப் போய் வாங்கி வந்தவர் அவர்தான்.

மாடிப்படியில் காலடிச் சத்தம் கேட்டது. அவசரமாக அவருடைய கட்டண அட்டவணையைத் தேடினேன். இருந்தது, காலை முழுக்கத் திருத்திய எண்களோடு. அதை எடுத்துத் திரையின் முகப்பில் வைத்தேன். பிறகு யோசிக்காமல் என் நான்கு முகங்களையும் அந்தப் பயோடேட்டாவையும் சேர்த்துப் பிடித்து அழித்துவிட்டு ஃபோல்டரை மூடினேன். அவர் தேநீரோடு வந்து நின்றபோது நாற்காலியை விட்டு எழுந்திருந்தேன்.

"கெடச்சிருச்சு," என்றேன். வழக்கமாக அதற்கு முன்னால் வரும் அண்ணே வரவில்லை.

அவர் குனிந்து பார்த்தார். மூச்சு விட்டார். "கடவுள் மாதிரி வந்தீங்க," என்றார். அவருடைய வாக்கியத்திலும் தங்கச்சி இல்லை. அப்போதுதான் எனக்கு உறைத்தது, அவர் அந்த வார்த்தையைச் சொல்லியே ரொம்ப நாளாகிவிட்டது. கேக் வெட்டிய பிறகு எப்போதோ நிறுத்தியிருக்கிறார். நான் கவனிக்கவில்லை.

அன்று மாலைவரை என் மேசையில் உட்கார்ந்திருந்ததை நினைத்தால் இன்றும் காது சூடாகிறது. எங்கள் இருவருக்கும் நடுவில் மேசைக்கு மேல் ஒரு சாண் உயரத் தடுப்பு ஒன்றுதான் இருந்தது. அவர் தொலைபேசியில் பேசுவது கேட்டது, நாற்காலி கிறீச்சிடுவது கேட்டது. எனக்குத் தெரிந்த கணினி அறிவு என்னை நிம்மதியாக விடவில்லை. இணைப்பைத் திறந்து பார்த்துவிட்டு ஒழுங்காக மூடினால் அந்த நகல் தானாக அழிந்துவிடும். திறந்தபடியே விட்டு மின்னஞ்சலை மூடினால்தான் அது அங்கேயே தங்கும். நான்கு முறையும் அவர் படத்தை மூடவில்லை. யாரோ வந்தபோது அவசரமாகக் கீழே இறக்கி மறைத்துவிட்டு, அப்படியே மறந்து, கணினியை அணைத்துவிட்டுப் போயிருக்கிறார். யாரோ என்ன, பக்கத்து மேசையில் இருந்து எழுந்து அவரிடம் போய்ப் பேசுகிறவள் நான் ஒருத்திதான்.

சிரித்திருப்பாரா? வீட்டில் எல்லாருக்கும் காட்டியிருப்பாரா? இதே வரிகளைப் படித்துவிட்டு, மறுநாள் என் எதிரில் உட்கார்ந்து நான் தாப்பாவ் சாப்பிடுவதைப் பார்த்திருப்பாரே. வேறு யாராவது முன்பின் தெரியாதவர் பார்த்திருந்தால் எனக்கு இவ்வளவு அவமானமாக இருந்திருக்காது. பொய் என்று கண்டுபிடிக்கக்கூடிய ஒரே ஆளின் கையில் அந்தப் பொய் போய்ச் சேர்ந்திருந்தது, என் பெயரில், என் முகத்தோடு.

வீட்டில் நானும் அம்மாவும் மட்டும்தான். அப்பா போய்ப் பல வருஷம். அம்மா ரப்பர் கையுறைத் தொழிற்சாலையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள். அன்று நான் போனபோது வாசலில் செருப்புகளை அடுக்கிக்கொண்டிருந்தாள். என் பயோடேட்டாவை யாரிடம் கொடுத்தாய் என்று நின்றபடியே கேட்டேன். அம்மா மறைக்கவில்லை. பிரிக்ஃபீல்ட்ஸில் ஒரு அம்மாள் கல்யாணத் தகவல் மையம் வைத்திருக்கிறார், கோயிலில் பார்த்த ஒருவர் சொன்னார், போய்க் கொடுத்தேன் என்றாள்.

"என்கிட்ட ஏன் கேக்கல?"

"கேட்டா நீ வேணாம்னுதானே சொல்வே."

"முப்பத்திமூணுனு போட்டிருக்கே, ம்மா."

அம்மா செருப்பு அடுக்குவதை நிறுத்தவில்லை. வயதைக் குறைத்துப் போடச் சொன்னது அந்த அம்மாள்தான் என்றாள். சிவப்பு என்பதும் அங்கேதான் சேர்த்தது. நடனம் மட்டும் அவளே சொன்னதாம். "ஆடுனியா இல்லியா? காலுல சலங்கை கட்டி நானே போட்டோ எடுத்தேன்," என்றாள்.

நான் கத்தினேன். எங்கள் வீட்டில் கத்தல் அதிகம் நடக்காது. பொய் சொல்லி என்னை விற்கப் பார்த்தாய் என்கிற மாதிரி ஏதோ சொன்னேன், சரியான வார்த்தைகளை இங்கே எழுத விருப்பமில்லை. அம்மா எழுந்து உள்ளே போய் நாற்காலியில் உட்கார்ந்தாள். என் பக்கம் திரும்பாமல் சொன்னாள்.

"எனக்கு மட்டும் மானம் போகலியா? போன மாசம் அந்த அம்மா போன் பண்ணி ஏசுனாங்க. கிள்ளான்ல ஒரு இடம், பையன் ஷிப்பிங்ல மேனேஜராம். பாத்துட்டு வயசு பொய்யினு திருப்பிச் சொல்லிட்டாங்களாம். பொய் சொல்ற குடும்பம் எங்களுக்கு வேணாம்னாங்களாம். நான் என்னா பதில் சொல்றது? போன வச்சிட்டு கோயிலுக்குப் போய் உக்காந்துட்டு வந்தேன். உன்கிட்ட சொல்லல."

கிள்ளான், ஷிப்பிங், வயது தெரிந்தவர். யார் என்று எனக்குத் தெரிந்தது. அம்மாவுக்குத் தெரியாது, நான் சொல்லவும் இல்லை. என்னைப் பற்றிய உண்மையைச் சொன்னதற்காக ஒருவர்மேல் கோபப்பட முடியாது. ஆனாலும் பட்டேன்.

சனிக்கிழமை கொமுட்டர் ரயிலில் ஏறி பிரிக்ஃபீல்ட்ஸ் போனேன். பூமாலைக் கடைகளுக்கு மேலே இரண்டாவது மாடியில் அந்த மையம். அறுபது வயதிருக்கும் ஒரு அம்மாள், காட்டன் சேலை, குளிரூட்டிக்கு நேராக உட்கார்ந்திருந்தார். சண்டை போடும் எண்ணத்தோடுதான் படியேறினேன். அவர் என்னைப் பார்த்ததும் "உக்காருமா, போட்டோவ விட நேர்ல நல்லாருக்கே" என்றார். அதற்கு மேல் எப்படிச் சண்டை போடுவது என்று தெரியவில்லை.

என் விவரங்களை எடுத்துவிடும்படி கேட்டேன். அவர் மறுக்கவில்லை. வயதைப் பற்றிக் கேட்டதற்கு மட்டும், "முப்பத்தேழுனு போட்டா யாரும் தெறந்துகூட பாக்க மாட்டாங்கமா. தெறந்து பாத்தாத்தானே மூஞ்சி தெரியும்" என்றார். அவரும் சங்கடப்படவில்லை, என்னையும் குறை சொல்லவில்லை. வாட்ஸ்அப்பில் அனுப்பினால் கை மாறி ஊரெல்லாம் போய்விடும் என்பதால், பெண் பிள்ளைகளின் படத்தை மின்னஞ்சலில் மட்டும்தான் அனுப்புவாராம், அது பத்திரம் என்றார். எனக்கு முன்னாலேயே தன் கணினியில் என் ஃபைலை அழித்துக் காட்டினார். அவர் யார் யாருக்கு அனுப்பினாரோ, அவர்கள் எங்கெங்கே திறந்து பார்த்தார்களோ, அத்தனை கணினிகளிலும் வளையல் போட்ட கையோடு நான் எங்காவது ஒளிந்துகொண்டிருப்பேன்.

புறப்படும்போது அவராகவே ஒன்று சொன்னார். கிள்ளான் இடம் கை நழுவியதில் அவருக்கும் வருத்தமாம். "பையன் வேணாம்னு சொல்லலமா. அவங்க அக்காதான் பேசுனாங்க. அம்மா அப்பா இல்ல, அக்கா வச்சதுதான் சட்டம்."

படியிறங்கி வந்து, பூக்கடைக்கு முன்னால் கொஞ்ச நேரம் ஒன்றும் செய்யாமல் நின்றேன். மாலை வேண்டுமா என்று கடைக்காரர் கேட்டார்.

திங்கட்கிழமை பக்கத்து மேசைக்காரர் வாடிக்கையாளரைப் பார்க்கப் போய்விட்டார். செவ்வாய்க்கிழமை, நான் தேநீர் கலக்கும் அறையில் தண்ணீர் பிடித்துக்கொண்டிருந்தபோது உள்ளே வந்தார். கதவை முழுக்கத் திறந்து வைத்துவிட்டு வந்தார், அது எனக்குப் பிடித்திருந்தது.

"ரீசைக்கிள் பின்ல பாத்தேன்," என்றார்.

எனக்குத் தண்ணீர்க் குழாயை மூடத் தோன்றவில்லை. அழித்த ஃபைல் எதுவும் உடனே போய்விடாது, குப்பைத் தொட்டி படம் போட்ட இடத்தில் போய்க் கிடக்கும், அதைத் தனியாகக் காலி செய்ய வேண்டும். இது சின்னப் பிள்ளைக்குக்கூடத் தெரியும். மறைத்து வைத்த ஃபோல்டருக்குள் வழி கண்டுபிடித்துப் போகத் தெரிந்த நான், என் நான்கு படங்களையும் அவருடைய திரையின் முகப்பில், அவர் தினமும் பார்க்கிற இடத்தில் போட்டுவிட்டு வந்திருக்கிறேன். நான் பார்த்தேன் என்பதும், பார்த்துவிட்டு ஒளித்தேன் என்பதும் வெள்ளிக்கிழமையில் இருந்தே அவருக்குத் தெரியும்.

"சாரி," என்றார். "அக்காதான் என் ஆபீஸ் இமெயில அந்தக் கல்யாண மையத்துக்குக் கொடுத்திருச்சு. ஒரு நாள் போன் பண்ணி, முப்பத்திமூணு வயசுப் பொண்ணு, கிள்ளான்தான், பாருன்னுச்சு. தெறந்தா நீங்க. எனக்கு என்ன சொல்றதுன்னு தெரியல. முப்பத்திமூணு இல்லக்கா, முப்பத்தேழு, நாந்தானே கேக் வாங்குனேன்னு சிரிச்சிட்டே சொல்லிட்டேன். தெரிஞ்ச பொண்ணுதான்னு சொல்ல வந்தேன். அக்காவுக்கு வேற மாதிரி கேட்டிருச்சு. அதுக்கப்புறம் நான் எவ்வளவோ சொல்லிப் பாத்தேன், கேக்கல."

அவர் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். என்ன சொல்லிப் பார்த்தீர்கள் என்று நான் கேட்டிருக்க வேண்டும். ஏன் நான்கு முறை திறந்தீர்கள் என்றும் கேட்டிருக்கலாம். அந்தக் கணத்தில் எனக்குள் இருந்ததெல்லாம் என் அம்மா போனை வைத்துவிட்டுக் கோயிலில் போய் உட்கார்ந்திருந்தது மட்டும்தான்.

"உங்க பயோடேட்டால மேனேஜர்னு போட்டிருக்காமே," என்றேன்.

அவர் முகம் கறுத்தது. எங்கள் அலுவலகத்தில் ஒரே ஒரு மேனேஜர்தான், அது முதலாளியின் தம்பி. இவர் அந்தப் பதவிக்கு இரண்டு முறை கேட்டுக் கிடைக்காமல் போனது எல்லாருக்கும் தெரியும்.

"ஆமா," என்றார் மெதுவாக. "அக்கா போட்டது. நானும் வேணாம்னு சொல்லல."

கொண்டு வந்த கோப்பையில் தண்ணீர் பிடிக்காமலே திரும்பிப் போய்விட்டார். நான் சொன்னதைத் திருப்பி எடுக்க வழி தேடிக்கொண்டே அங்கே நின்றேன். யாரோ வந்து, தண்ணி வழியுதுலா என்று சொல்லிக் குழாயை மூடினார்கள்.

அதற்குப் பிறகு நாங்கள் சண்டைக்காரர்கள் போல இருக்கவில்லை, அதுதான் கஷ்டம். வேலை விஷயம் எல்லாம் பேசினோம். ஆனால் அவரை எப்படிக் கூப்பிடுவது என்று எனக்குத் தெரியவில்லை. அண்ணே என்றால் பொய் சொல்வது போலவும், பெயரைச் சொன்னால் அதிகப்பிரசங்கித்தனம் போலவும் இருந்தது. அவர் இந்தப் பக்கம் திரும்பும்வரை காத்திருந்து பேச ஆரம்பித்தேன். அவரும் அப்படித்தான் செய்தார். ஏதாவது வேண்டுமென்றால் தடுப்பை விரலால் லேசாகத் தட்டுவார். பக்கத்தில் இருந்தவர்கள் கவனித்தார்களா, தெரியாது.

அவரை எனக்குப் பிடித்திருந்ததா என்று யாராவது கேட்டால் நேர்மையாகப் பதில் சொல்லத் தெரியவில்லை. அந்த வெள்ளிக்கிழமைக்கு முன்னால் அப்படி ஒரு கேள்வியே எனக்கு வந்ததில்லை. வந்த பிறகு, வெட்கத்தைத் தவிர வேறு எதுவும் நுழைய அங்கே இடமில்லை.

அடுத்த வருஷம் அவருக்கு சிரம்பானில் பெண் அமைந்தது. இனிப்புப் பெட்டியோடு ஒவ்வொரு மேசையாக வந்தவர் என்னிடம் வந்து, "தங்கச்சி, எடுத்துக்கங்க," என்றார். எத்தனையோ மாதங்களுக்குப் பிறகு. ஒரு லட்டு எடுத்துக்கொண்டு, "ரொம்ப சந்தோஷம், அண்ணே," என்றேன். இரண்டு பேருக்கும் பெரிய பாரம் இறங்கியது போல இருந்தது. எனக்கு இறங்கிய இடத்தில் கொஞ்சம் வலித்தது, அவ்வளவுதான்.

கல்யாணம் கிள்ளானில், ஞாயிற்றுக்கிழமை காலை. காய்ச்சல் என்று சொல்லி வீட்டில் இருந்துவிடத்தான் நினைத்தேன். அலுவலகமே ஒரு வேனில் போகும்போது நான் மட்டும் போகாமல் இருந்தால் அதற்குக் காரணம் தேடுவார்கள் என்று பயந்துதான் கிளம்பினேன். மண்டப வாசலில் ஒரு அம்மா பன்னீர் தெளித்து வரவேற்றுக்கொண்டிருந்தார். மூக்கும் நெற்றியும் அப்படியே மாப்பிள்ளை ஜாடை. அந்த அக்கா. எனக்கு முன்னால் போனவர்களுக்குத் தெளித்தார், என் பக்கம் திரும்பினார், கை அப்படியே நின்றது.

"நீங்க..." என்றார். பிறகு, "ஆபீஸ்லேர்ந்து வரீங்களா?"

"ஆமாங்க்கா."

அவர் என் கையைப் பிடித்தார். பன்னீர்ச் செம்பைப் பக்கத்தில் நின்ற யாரிடமோ கொடுத்துவிட்டு, வாசலில் வருகிறவர்களை எல்லாம் விட்டுவிட்டு, என்னை அழைத்துக்கொண்டு போய்ச் சொந்தக்காரர்கள் உட்காரும் இரண்டாவது வரிசையில் உட்கார வைத்தார். என்னோடு வந்தவர்கள் பின்னால் எங்கோ உட்கார்ந்தார்கள். தாலி கட்டும்போது நான் மணமேடைக்கு அவ்வளவு கிட்டத்தில் இருந்தேன். அவர் பெண்ணின் கழுத்துக்குப் பின்னால் மூன்று முடிச்சையும் போடுவதைப் பார்த்தேன். பெண் நல்ல அழகு, சின்ன வயது. அவள் தலை குனிந்தபடியே இருந்தாள்.

சாப்பிடும் இடத்துக்கும் அந்த அக்கா வந்துவிட்டார். என் இலையில் என்ன இருக்கிறது, என்ன இல்லை என்று பார்த்து, பரிமாறுகிறவரை மறுபடி மறுபடி கூப்பிட்டார். எதிரில் இருந்த அலுவலகத் தோழி, உனக்கு இவர்களை முன்பே தெரியுமா என்று கண்ணால் கேட்டாள். நான் பாயசத்தைப் பார்த்துக்கொண்டேன். கிளம்பும்போது வேன் வரை வந்தார். மற்றவர்கள் ஏறிய பிறகு என் தோளைத் தொட்டு, "மனசுல ஒண்ணும் வெச்சுக்காதேம்மா," என்றார்.

அவர் கோபமாக ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் தாங்கியிருப்பேன். பொய் சொன்ன குடும்பத்துப் பெண் என்று முகத்தைத் திருப்பியிருந்தால்கூட, என் பக்கமும் கொஞ்சம் கோபம் வைத்துக்கொண்டிருக்கலாம். அந்த அன்புக்கு முன்னால் எனக்கு ஒளிந்துகொள்ள எதுவும் கிடைக்கவில்லை. தலையை ஆட்டிவிட்டு வேனில் ஏறினேன்.

வீட்டுக்கு வந்து சேலையை மாற்றிக்கொண்டிருந்தபோது அம்மா அறைக்குள் வந்தாள். யார் கல்யாணம் என்று காலையில் அவள் கேட்கவில்லை, ஆபீஸ் கல்யாணம் என்று மட்டும் சொல்லியிருந்தேன். சேலையின் மறுமுனையைப் பிடித்து மடிக்க ஆரம்பித்தவள், சாப்பாடு எப்படி, மண்டபம் எது என்று கேட்டாள். பிறகு மாப்பிள்ளை ஆபீஸில் என்ன வேலை என்று கேட்டாள். சொன்னேன். அம்மா மடிப்பதை நிறுத்தினாள்.

"ஷிப்பிங்தானே உங்க ஆபீஸ்."

"ஆமா."

"அந்தப் பையனா?"

ஆமாம் என்றேன். எப்போதிலிருந்து தெரியும் என்று கேட்பாள் என நினைத்தேன், கேட்கவில்லை. நல்ல பையனா என்று கேட்டாள். நல்லவர்தான் என்றேன். எங்கள் இருவருக்கும் நடுவில் சேலை பாதி மடித்தபடி நின்றது.

"நான் வயச சரியா போட்டிருந்தா..." என்று அம்மா ஆரம்பித்தாள்.

"போட்டிருந்தாலும் அமைஞ்சிருக்காது, ம்மா. அவங்க சின்ன வயசுப் பொண்ணாத்தான் தேடுனாங்க."

அது உண்மையா என்று எனக்குத் தெரியாது. அம்மாவுக்கும் தெரிந்திருக்காது. ஆனால் அவள் அதை எடுத்துக்கொண்டாள். இரண்டு அடி முன்னால் வந்து தன் கையில் இருந்த முனையை என் கையில் சேர்த்துவிட்டு, சேலையை நீவி, கட்டிலில் வைத்தாள்.